மோட்டாருக்கு காவல் காக்கும் நகத்தளவு 'சிப்': காயில் எரியும் முன்பே கரன்ட்டை நிறுத்துவது எப்படி?

கும்மிடிப்பூண்டி:-

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ராத்திரி ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு அந்த வாடையை சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வார்னிஷ் கருகிய நெடி மூக்கில் ஏறினால், "காயில் போச்சுடா" என்று யாராவது ஒருவர் குரல் கொடுப்பார். எலக்ட்ரீஷியன் ஓடி வந்து டெர்மினல் பாக்சை திறந்து மோந்து பார்ப்பார். உதட்டை பிதுக்குவார். அவ்ளோதான், அன்றைய வேலை போச்சு.

இரும்பு கம்பி உருட்டும் ரோலிங் மில்லாக இருந்தாலும் சரி, காக்களூர் தொழிற்பேட்டையில் 4 பேர் வேலை பார்க்கும் லேத் பட்டறையாக இருந்தாலும் சரி, எல்லாம் ஓடுவது மோட்டாரில்தான். மோட்டார் நின்றால் முதலாளிக்கு உற்பத்தி நஷ்டம். தினக்கூலிக்கு வருபவருக்கு அன்றைய சம்பளமே கேள்விக்குறி. எரிந்த மோட்டாரை கழற்றி, பழைய காயிலை வெட்டி எடுத்து, புது கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றி காயவைத்து திரும்ப மாட்டுவதற்குள் 2, 3 நாள் ஓடிவிடும்.

இத்தனைக்கும் மோட்டார் திடீரென்று எரிவது அபூர்வம். எரிவதற்கு முன்பே அது சொல்லிவிடுகிறது. சொல்லும் பாஷைதான் கரன்ட். அந்த பாஷையை படிப்பதற்கென்றே நகத்தளவில் சிப்புகள் வந்து பல வருஷம் ஆகிறது.

காய்ச்சல் மாதிரி

மனுஷனுக்கு உடம்பு சரியில்லை என்றால் காய்ச்சல் அடிப்பது போல, மோட்டாருக்கு சிக்கல் வந்தால் கரன்ட் ஏறும். எலக்ட்ரீஷியன்கள் கையில் வைத்திருக்கும் டாங் டெஸ்டர்தான் இதற்கு தெர்மாமீட்டர். 3 பேஸ் மோட்டாருக்கு, 1 எச்.பி.க்கு சுமார் ஒன்றரை ஆம்பியர் என்பது பட்டறை கணக்கு. 5 எச்.பி. மோட்டார் முழு லோடில் ஓடினால் ஏழரை ஆம்பியர் வரை காட்டும்.

3 பேசில் ஒன்று போய்விட்டது என்று வைத்துக் கொள்ளுங்கள். மோட்டார் நிற்காது. உறுமிக்கொண்டே ஓடும். போன பேசின் வேலையையும் சேர்த்து மற்ற 2 பேசும் சுமக்க வேண்டும். அதே லோடு இருந்தால் அவற்றில் கரன்ட் கிட்டத்தட்ட 1.7 மடங்கு ஏறும். ஏழரை ஆம்பியர், 13 ஆம்பியர் ஆகிவிடும்.

இங்கேதான் பலருக்கு கணக்கு தப்புகிறது. கரன்ட் 2 மடங்கு ஆனால் சூடு 2 மடங்கு அல்ல, 4 மடங்கு. கரன்ட் 1.7 மடங்கு என்றாலே காயிலில் சூடு ஏறக்குறைய 3 மடங்கு. அளவுக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி சூடு கூடும்போதும் காயில் இன்சுலேஷனின் ஆயுள் பாதியாக குறையும் என்பது மோட்டார் தொழிலில் பழைய விதி. இன்றைக்கு எரியாமல் தப்பித்த மோட்டாரும் உள்ளுக்குள் வயதாகிக் கொண்டுதான் இருக்கும்.

மிக்சியின் சிவப்பு பட்டன்

சிப் வருவதற்கு முன்பும் காவல் இருந்தது. முதல் காவல்காரன் பியூஸ். அடுத்தது ஸ்டார்ட்டரில் இருக்கும் ஓவர்லோடு ரிலே.

2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந்தேதி, அப்போதைய முதல்-அமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி திட்டத்தை திருவள்ளூரை அடுத்த காக்களூரில்தான் தொடங்கி வைத்தார். மிக்சி இருக்கிற வீட்டில், மாவு கெட்டியாகி மிக்சி நின்றுவிட்டால் பெண்கள் என்ன செய்வார்கள்? தலைகீழாக கவிழ்த்து, அடியில் இருக்கும் சிவப்பு பட்டனை அமுக்குவார்கள். அந்த பட்டன்தான் ஓவர்லோடு காவல்.

ஆலை ஸ்டார்ட்டரில் உள்ள ரிலேயும் அதற்கு அண்ணன் மாதிரி. உள்ளே 2 விதமான உலோகத்தை ஒட்டிய பட்டை இருக்கும். சூடு ஏறினால் ஒரு உலோகம் அதிகமாக நீளும், இன்னொன்று குறைவாக நீளும். அதனால் பட்டை வளையும். வளைந்து போய் சப்ளையை தட்டி விடும்.

இது மெதுவாக வேலை செய்யும். அதில் நல்லதும் உண்டு. மோட்டார் கிளம்பும்போது சில வினாடிக்கு 6 மடங்கு வரை கரன்ட் இழுக்கும். 5 எச்.பி. மோட்டாரே 45 ஆம்பியர் காட்டும். அதைப் பார்த்து உடனே ட்ரிப் ஆனால் மோட்டாரை ஸ்டார்ட் பண்ணவே முடியாது. ஆனால் ஜாம் ஆகி நிற்கும் மோட்டாரும் இதே அளவுக்குத்தான் இழுக்கும். பட்டை சூடேறி வளைகிற வரை காயில் வெந்து கொண்டிருக்கும்.

சிப் செய்வது என்ன?

கரன்ட்டை அளக்கும் சிப்பில் 2 வகை பரவலாக உள்ளது.

முதல் வகைக்கு, கரன்ட் போகும் வழியில் ஒரு சின்ன உலோகத் துண்டை வைக்கிறார்கள். 'ஷன்ட்' என்று பெயர். அதன் தடை ஒரு ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால், 10 ஆம்பியர் போகும்போது அதன் இரு முனைக்கும் நடுவே ஒரு வோல்ட்டில் நூறில் ஒரு பங்கு தெரியும். இந்த துக்கடா வோல்டேஜை சிப் 50 மடங்கோ 100 மடங்கோ பெருக்கி காட்டும். பள்ளிக்கூடத்தில் படித்த ஓம் விதிதான், வேறொன்றும் இல்லை.

இரண்டாவது வகை காந்தத்தை நம்பியது. கம்பியில் கரன்ட் போனால் சுற்றிலும் காந்தப்புலம் உண்டாகும். அந்த காந்தப்புலத்தில், கரன்ட் ஓடும் ஒரு தகட்டை வைத்தால், தகட்டின் பக்கவாட்டில் சின்னதாக ஒரு வோல்டேஜ் தோன்றும். 1879-ம் ஆண்டு அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்துக் கொண்டிருந்த எட்வின் ஹால் என்ற மாணவர் கண்டுபிடித்தது. அவர் பெயரிலேயே 'ஹால் சென்சார்' என்கிறார்கள். டி.சி. கரன்ட்டும் பார்க்கிற டாங் டெஸ்டரின் வாய்க்குள் இருப்பதும் இதுவே.

சென்னை ரிச்சி தெருவில் எலக்ட்ரானிக்ஸ் பையன்கள் கேட்டு வாங்கும் 'ஏ.சி.எஸ்.712' என்ற சிப் இந்த ரகம்தான். அமெரிக்காவின் அலெக்ரோ கம்பெனி தயாரிப்பு. அதில் 20 ஆம்பியர் மாடலை எடுத்துக்கொண்டால், கரன்ட் இல்லாதபோது இரண்டரை வோல்ட் காட்டும். ஒவ்வொரு ஆம்பியருக்கும் 0.1 வோல்ட் ஏறும். 10 ஆம்பியர் என்றால் மூன்றரை வோல்ட். கரன்ட் எதிர்த்திசையில் போனால் அதே கணக்கில் இறங்கும். மெயின் லைன் ஒரு பக்கம், அளவை சொல்லும் கால் மறுபக்கம். இரண்டுக்கும் உள்ளே நேரடி தொடர்பே கிடையாது.

'ஓ.சி.' என்றால் ஓசி அல்ல

அளந்தால் மட்டும் போதாதே, அடக்க வேண்டும். அங்கேதான் 'டிரைவ்' வருகிறது. ஆலைகளில் மோட்டார் வேகத்தை கூட்டிக் குறைக்கும் பெட்டிக்கு தொழிலாளர்கள் வைத்திருக்கும் பெயர் அது.

டிரைவுக்குள் இருக்கும் எலக்ட்ரானிக் ஸ்விட்சுகள் வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை ஆன், ஆப் ஆகின்றன. ஆன் நேரத்தை கூட்டினால் மோட்டாருக்கு கரன்ட் கூடும். குறைத்தால் குறையும். கரன்ட் இவ்வளவு என்று சிப் சொல்லச் சொல்ல, கன்ட்ரோலர் அதற்கேற்ப ஆன் நேரத்தை மாற்றிக் கொண்டே இருக்கும். மாட்டு வண்டிக்காரர் கயிற்றை இழுத்து இழுத்து விடுவது போலத்தான். இதனால் 6 மடங்கு இழுத்து கிளம்பிய மோட்டார், டிரைவ் போட்ட பிறகு ஒன்றரை மடங்கிலேயே பெரும்பாலும் கிளம்பிவிடும். பெல்ட் அறுவதும் குறையும்.

ஷார்ட் சர்க்யூட் ஆனால் கதை வேறு. அந்த ஸ்விட்சுகள் ஷார்ட் கரன்ட்டை தாங்குவது ஒரு வினாடியில் லட்சத்தில் ஒரு பங்கு நேரம்தான். அதற்குள் சிப் கண்டுபிடித்து ஆப் செய்தாக வேண்டும். செய்கிறது.

அப்போது பல டிரைவுகளின் டிஸ்ப்ளேயில் 'ஓ.சி.' என்று வரும். ஓசியில் ஏதோ கிடைக்கிறது என்று அர்த்தமில்லை. ஓவர் கரன்ட். என்ன ஏது என்று பார்க்காமல் ரீசெட் பட்டனை மாற்றி மாற்றி அமுக்கினால், மோட்டாரோடு சேர்ந்து டிரைவும் போகும். மோட்டாரை கட்டிக் கொடுக்க ஆள் இருக்கிறது. டிரைவ் போனால் செலவு மோட்டாரை தாண்டிவிடும்.

கிணற்றில் தண்ணி இல்லையா?

ஆலைக்கு வெளியே, ஊத்துக்கோட்டை, திருத்தணி பக்கம் போர்வெல் வைத்திருக்கும் விவசாயிக்கு பிரச்சினை நேர்எதிர். கோடையில் தண்ணி கீழே இறங்கி பம்ப் வெறுமனே சுற்றும்போது கரன்ட் ஏறாது, குறையும். தூக்க தண்ணி இல்லையே, லோடு ஏது? பழைய ரிலேக்கு இது தெரியவே தெரியாது. ஆனால் நீர்மூழ்கி மோட்டாருக்கு தண்ணிதான் குளிர்ச்சி. தண்ணி இல்லாமல் ஓடினால் புஷ் தேய்ந்து, சூடாகி காயில் போகும். போருக்குள்ளே இருந்து மோட்டாரை தூக்கி எடுக்கும் கூலியே தனி.

கரன்ட்டை அளக்கும் எலக்ட்ரானிக் ஸ்டார்ட்டர் இந்த குறைவையும் பிடித்து மோட்டாரை நிறுத்திவிடும். ஒரு பேஸ் போனாலும் நிறுத்தும். மூட்டை மூட்டையாக நெல் விற்றுத்தான் மோட்டார் கட்ட வேண்டும் என்ற நிலையில் இருப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

'டைரக்ட்' கொடுக்கும் ஆபத்து

இவ்வளவு காவல் இருந்தும் மோட்டார் எரிகிறதே, ஏன்? பெரும்பாலும் நம்ம ஆட்கள் கைங்கரியம்தான். அடிக்கடி ட்ரிப் ஆகி தொல்லை கொடுக்கிறது என்று ரிலேவை கழற்றிவிட்டு 'டைரக்ட்' கொடுப்பது. ரிலே செட்டிங்கை கடைசி வரை திருகி வைப்பது. பியூஸ் கேரியரில் தடிமனான கம்பியை முறுக்கி விடுவது. ஆர்டரை முடித்தே ஆக வேண்டும் என்று சூப்பர்வைசர் கத்தும்போது எலக்ட்ரீஷியன் வேறு என்ன செய்வார் என்றும் கேட்கலாம். ட்ரிப் ஆவது நோய் அல்ல, நோயின் அறிகுறி. பேரிங் இறுகியிருக்கும், பெல்ட் டைட்டாக இருக்கும், இல்லையென்றால் ஒரு பேசில் லூஸ் கனெக்ஷன் இருக்கும். டாங் டெஸ்டரை 3 ஒயரிலும் மாட்டிப் பார்த்தால் 3-ம் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று மட்டும் விலகி நின்றால் அங்கே தேட வேண்டும்.

இன்னொரு விஷயத்தை தொழிலாளர்கள் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இந்த சிப் காப்பாற்றுவது மோட்டாரை. ஆளை அல்ல.

20 எச்.பி. மோட்டார் ஓட்டும் கன்வேயரில் ஒருவர் கை சிக்கினால், மோட்டாருக்கு அது ஒரு லோடே இல்லை. கரன்ட் பெரிதாக ஏறாது. சிப்புக்கு ஒன்றும் தெரியாது. அங்கே காப்பாற்றுவது மூடி போட்ட கார்டும், கைக்கெட்டும் தூரத்தில் உள்ள எமர்ஜென்சி ஸ்டாப்பும்தான். ட்ரிப் ஆன மெஷினுக்குள் கை விடுவதற்கு முன் மெயினை ஆப் செய்து பூட்டு போட வேண்டும். சில ஸ்டார்ட்டர்கள் தானாகவே மீண்டும் கிளம்பும் வகையில் செட் செய்யப்பட்டிருக்கும். பவர் வந்ததும் கிணற்று மோட்டார் தானே ஓட 'ஆட்டோ' போடுவோமே, அதே மாதிரி.

ஷாக் அடிப்பதற்கும் இதே கதைதான். 5 எச்.பி. மோட்டார் ரிலே ஏழரை ஆம்பியர் வரை சும்மா இருக்கும். மனுஷன் உடம்பு வழியாக 0.03 ஆம்பியருக்கு மேல் போனாலே உயிருக்கு ஆபத்து தொடங்கிவிடுகிறது. இரண்டுக்கும் 250 மடங்கு வித்தியாசம். அந்த 0.03-ஐ பிடிப்பதற்குத்தான் ஆர்.சி.சி.பி. இருக்கிறது. போன கரன்ட்டையும் திரும்பி வந்த கரன்ட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும். கணக்கு உதைத்தால், இடையில் எங்கோ, ஒருவேளை யாரோ ஒருவர் உடம்பு வழியாக, தரைக்கு போகிறது என்று அர்த்தம். உடனே தட்டிவிடும். எர்த்தும் சரியாக இருக்க வேண்டும்.

காயில் கட்டுபவர்கள் நிலை

இப்போது வீட்டு பேன் வரைக்கும் இந்த டெக்னாலஜி வந்துவிட்டது. கோவையில் உள்ள வெர்சா டிரைவ்ஸ் நிறுவனம் 2012-ல் 35 வாட்டில் ஓடும் 'சூப்பர்பேன்' விற்பனைக்கு கொண்டு வந்தது. சாதா பேன் 70 முதல் 80 வாட் வரை இழுக்கும். மிச்சம் பாதிக்கு மேல். இந்த வகை பேன்களில் பல, மோட்டார் எந்த நிலையில் சுற்றுகிறது என்பதைக்கூட தனி சென்சார் இல்லாமல் வோல்டேஜையும் கரன்ட்டையும் படித்தே தெரிந்து கொள்கின்றன.

கரன்ட் பில்லுக்கு நல்லதுதான். ஆனால் சாதா பேன் எரிந்தால் தெருமுனையில் கட்டி வாங்கிவிடலாம். புது பேனில் காயில் நன்றாகத்தான் இருக்கும், போர்டு போயிருக்கும். போர்டையே மாற்று என்பார்கள். வாரன்டி முடிந்திருந்தால் பணம் கஸ்டமர் தலையில்.

காயில் சுற்றியே வயிறு வளர்த்த பட்டறைக்காரர்களுக்கு இது இரட்டை அடி. மோட்டார் எரிவது குறைந்தால் வேலை குறையும். எரிந்து வருவதோ போர்டாக இருக்கிறது. சிலர் சும்மா இருந்துவிடவில்லை. சுற்றும் மெஷின் பக்கத்திலேயே சால்டரிங் அயர்னை வைத்துக்கொண்டு, சிப் முதுகில் பொடி எழுத்தில் இருக்கும் நம்பரை பூதக்கண்ணாடியில் படித்து, அதே நம்பர் இருக்கிறதா என்று ரிச்சி தெரு கடைக்கு போன் போடுகிறார்கள்.