கணவன் கையெழுத்து

அமெரிக்க மாதான பெட்டி மஹ்மூதி 1984ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், இரண்டு வாரம் தங்கி வரும் எண்ணத்துடன், கணவருடனும் ஐந்து வயது நிரம்பாத மகளுடனும் டெஹ்ரான் நகரில் வந்து இறங்கினார். ஈரானில் பிறந்து அமெரிக்காவில் வைத்தியத் தொழில் நடத்தி வந்த கணவர், திரும்ப வேண்டிய நாள் வந்ததும், இனி இங்கேயே வாசம் என்று கூறிவிட்டார். இரண்டு வாரம் பதினெட்டு மாதமாயிற்று. அடியும் காவலும் அனுபவித்ததாக அம்மாது 1987இல் வெளியிட்ட நூலில் எழுதினார். கணவர் அதை மறுத்தார், 2002இல் வெளிவந்த ஒரு படத்தில் தம் கட்சியை எடுத்துரைத்தார், 2009இல் காலமானார். ஒரு வீட்டின் சுவர்களுக்குள் நடந்ததைக் குறித்துத் தீர்ப்புக் கூற நாம் முன்வரவில்லை. அவ்வீட்டிற்கு வெளியே நின்ற சட்டத்தைக் குறித்து நம் அபிப்பிராயத்தைச் சொல்ல யாதொரு தடையும் இல்லை.

அச்சட்டம் யாது? ஈரானியரை மணக்கும் அந்நிய ஸ்திரீ, மணந்த மாத்திரத்தில் ஈரானியப் பிரஜையாகிறாள் என்பது அந்நாட்டு ஸிவில் சட்டத்தின் 976ஆம் பிரிவு. மணமான பெண் பாஸ்போர்ட் பெறக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்பது 1973ஆம் வருஷத்துப் பாஸ்போர்ட் சட்டத்தின் 18ஆம் பிரிவு. குழந்தைக்குச் சட்டப்படி பாதுகாவலன் தகப்பனே. ஆகவே மனைவியைச் சிறை வைக்கக் கணவன் கதவைப் பூட்ட வேண்டிய அவசியமில்லை. கையெழுத்திட மறுத்தால் போதும். தேசமே சிறைச்சாலையாகி விடும்.

1980 முதல் அமெரிக்காவுக்கும் ஈரானுக்கும் ராஜ்ய உறவு இல்லை. அமெரிக்கர் நலனைக் கவனித்து வந்த ஸ்விஸ் ஸ்தானிகராலயத்தில் முறையிட்டபொழுது, தாம் சட்டப்படி ஈரானியப் பிரஜை என்ற பதிலே கிடைத்ததாக அம்மாது கூறுகிறார். பெற்ற தந்தை மரணத் தறுவாயில் இருந்தார். தனியே போய் வரலாம் என்று கணவர் இசைந்தாராம். மகளை விட்டுப் போவதற்குத் தாய் இசையவில்லை. 1986 ஜனவரி இறுதியில், மகளையும் அழைத்துக்கொண்டு, பனி மூடிய மலைகளைக் கடந்து துருக்கி சேர்ந்தார்.

இக்கதை 1991இல் ஸினிமாப் படமாக வந்த பிறகு, கீழ்த்திசையாரின் கொடுமையைப் பாரீர் என்று பலர் பேசினர். இதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. டெஹ்ரானில் அத்தாய்க்கு வழி தேடிக் கொடுத்தவர் ஓர் ஈரானியர் அல்லவா? பாஸ்போர்ட் சட்டத்தை இயற்றியதும் புரட்சி அரசாங்கமன்று. நவநாகரிகர் என்று மேனாட்டார் கொண்டாடிய ஷாவின் அரசாங்கமே. அமெரிக்காவின் யோக்கியதைதான் என்ன? அந்நியரை மணந்த அமெரிக்கப் பெண் தன் பிரஜா உரிமையை இழப்பாள் என்று 1907இல் விதித்தது அமெரிக்கக் காங்கிரஸ். 1922இல்தான் அதைத் திருத்தத் தொடங்கியது. இங்கிலாந்திலோ, பெற்ற தாய் தன் சிறு குழந்தைகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளக் கோர்ட்டில் மனுச் செய்வதற்கு 1839 வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று. மனைவி கணவனின் நிழல் என்ற கொள்கைக்குக் கிழக்கும் இல்லை, மேற்கும் இல்லை. மேற்கு அதைக் கைவிட்டது, பெண்கள் போராடியதால்.

இச்சட்டத்தினால் துன்புறுகிறவர்கள் அந்நியப் பெண்கள் மட்டுமல்லர். 2015இல் ஈரானியப் பெண்கள் புட்ஸால் கோஷ்டியின் தலைவி நிலூபர் அர்தலான், கணவர் சம்மதம் மறுத்ததால், மலேசியாவில் நடந்த ஆசியப் பந்தயத்திற்குச் செல்ல முடியவில்லை. தம் தேசத்தின் கொடியை ஏந்திச் செல்ல வேண்டியவரையே அத்தேசத்தின் சட்டம் வாசலில் நிறுத்திவிட்டது. இதைவிட அவமானம் ஒரு தேசத்திற்கு வேறு உண்டா?

மணம் புரிந்த பெண்ணின் பிரஜா உரிமை கணவனுடையதைப் பின்பற்றித் தானாக மாறலாகாது என்று ஐக்கிய நாடுகளின் 1957ஆம் வருஷத்து உடன்படிக்கை கூறுகிறது. நியாயத்திற்கு உகந்த வழி இதுவே. தம்பதிகளுக்குள் பிணக்கு நேருவது எந்நாட்டிலும் உண்டு. பழக்க வழக்கங்கள் மாறுபட்டால் பிணக்கு முற்றுவதும் உண்டு. அரசாங்கம் அப்பிணக்கில் நடுநிலை நின்று குழந்தையின் நலத்தை விசாரிக்க வேண்டும். தன் எல்லைக் காவலை ஒரு தரப்பாருக்கு இரவல் கொடுப்பது முறையாகாது. எல்லைக் காவல் பகைவர் படையைத் தடுக்க ஏற்பட்டது. குழந்தையைத் தோளில் சுமந்து பனியில் நடக்கும் ஒரு தாயைத் தடுக்க அது ஏற்படவில்லை.