அப்பாவின் ‘ஹார்ட்’ வொர்க்!

பிப்ரவரி 14 வந்தாலே ஆபீஸில் ஒரு கிறுகிறுப்பு கிளம்பிவிடும். கல்யாணமாகாதவர்கள் அயர்ன் பண்ணின சட்டையில் வந்து இறங்குவார்கள். கல்யாணமானவர்கள், ‘அதெல்லாம் ஒரு காலம் சார்!’ என்று பெருமூச்சு விட்டபடி கம்ப்யூட்டரைத் திறப்பார்கள். சாயங்காலம் பூக்கடையில் சிவப்பு ரோஜாவின் விலையைக் கேட்டு அதிர்ந்துபோய், ரெண்டு முழம் மல்லிகையோடு வீடு திரும்புவார்கள். மனைவி சமாளித்துக்கொள்வாள். பழகிப்போச்சு.

ஆனால் வீட்டில் இன்னொரு பார்ட்டி இருக்கிறதே! உயரம் மூணு அடி. டி.வி. விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, ‘அப்பா, இன்னிக்கு ஹார்ட் டேயாமே, எனக்கு என்ன?’ என்று கேட்கும். அதை மல்லிகைப் பூவால் மடக்க முடியாது. பெரும்பாலான அப்பாக்கள் உடனே பையிலிருந்து ஒரு சாக்லேட்டை எடுத்து நீட்டிவிட்டு தப்பித்துக்கொள்வது வழக்கம்.

இந்த வருஷம் ஒரு மாறுதலுக்கு, பத்தே நிமிஷம் சமையலறைக்குள் நுழையுங்கள். அடுப்பு வேண்டாம், குக்கர் வேண்டாம், தாளிக்க வேண்டாம். ஒரு கத்தி, ஒரு பலகை, நாலு பழம். அவ்வளவுதான் விஷயம்!

‘காதலர் தினத்துக்கும் குழந்தைக்கும் என்னய்யா சம்பந்தம்?’

நியாயமான கேள்வி. நம் ஊரில் இந்த நாள் பிரபலமானதே தொண்ணூறுகளில்தான். கிரீட்டிங் கார்டு கடைகள் ஒரு பக்கம், கேபிள் டி.வி. ஒரு பக்கம். 1999-ல் ‘காதலர் தினம்’ என்ற பெயரிலேயே சினிமா வந்து, ஏ.ஆர்.ரஹ்மான் பாட்டில் ஊரே மிதந்தது. அதனால் நமக்கு இது முழுக்க முழுக்க காலேஜ் பிள்ளைகள் சமாசாரமாகப் பதிந்துவிட்டது.

வெளிநாட்டில் அப்படி இல்லை. பின்லாந்தில் பிப்ரவரி 14-க்குப் பெயரே ‘நண்பர் நாள்’. அமெரிக்காவில் ஆரம்பப் பள்ளிக் குழந்தைகள், வகுப்பிலுள்ள அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு குட்டி கார்டு கொடுத்துக்கொள்கிறார்கள். ஒருத்தரை விட்டுவிட்டு ஒருத்தருக்குக் கொடுக்கக்கூடாது என்று பல பள்ளிகளில் ரூல் உண்டு. அன்பு காட்டுவதில் பாரபட்சம் கூடாதாம்!

சாக்லேட் எங்கிருந்து வந்தது? 1860-களில் இங்கிலாந்தின் ரிச்சர்டு காட்பரி, இதய வடிவப் பெட்டியில் சாக்லேட்டை அடைத்து விற்க ஆரம்பித்தார். அப்போது பிடித்த பிசினஸ், இன்னும் விடவில்லை. ஆக, சாக்லேட் கொடுப்பது புனித வாலண்டைன் போட்ட சட்டம் கிடையாது. வியாபாரி போட்ட கணக்கு!

நம் நாட்டிலும் 2023-ல் ஒரு கூத்து நடந்தது. பிப்ரவரி 14-ஐப் பசுவைக் கட்டிப்பிடிக்கும் நாளாகக் கொண்டாடுங்கள் என்று இந்திய விலங்குகள் நல வாரியம் வேண்டுகோள் விட்டு, நாடே சிரித்ததும் சில நாளில் வாபஸ் வாங்கிக்கொண்டது. மாட்டையே கட்டிப்பிடிக்கலாம் என்று சொன்ன நாளில், பெத்த பிள்ளையைக் கட்டிக்கொள்ள யாரிடம் பர்மிஷன் கேட்க வேண்டும்?

ரோஸ் கலர் ஜாக்கிரதை

அந்த வாரம் கடைத்தெருவே ரோஸ் கலரில் மினுங்கும். ரோஸ் கலர் கேக், ரோஸ் கலர் மிட்டாய், ரோஸ் கலர் க்ரீம். குழந்தைக்கு அதைப் பார்த்தால் கால் நகராது. இங்கேதான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

2024 பிப்ரவரி ஞாபகம் இருக்கிறதா? முதலில் புதுச்சேரியில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை. பிறகு தமிழ்நாட்டில் மாதிரிகளை எடுத்துச் சோதித்ததில் ரோடமைன்-பி என்ற சாயம் கண்டுபிடிக்கப்பட்டு, பிப்ரவரி 17-ம் தேதி இங்கும் தடை. காதலர் தினம் முடிந்து மூணாம் நாள்! துணிக்கும் காகிதத்துக்கும் ஏற்றுகிற சாயம் அது. உணவில் சேர்க்க அனுமதியே கிடையாது. அதைத்தான் கடற்கரையிலும் திருவிழாவிலும் நம் வாண்டுகள் நாக்கு சிவக்கச் சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கின்றன.

எல்லாக் கடைக்காரரும் சாயம் கலக்கிறார் என்று சொல்லவில்லை. ஆனால் ரோஸ் கலருக்காக டப்பாவை நம்பவேண்டிய அவசியமே இல்லை. தர்பூசணியும் சிவப்புக் கொய்யாவும் சிவப்பாக இருப்பது லைக்கோபீன் என்ற நிறமியால். மாதுளையும் ஸ்ட்ராபெர்ரியும் சிவப்பது ஆந்தோசயனினால். பெயர்தான் வாயில் நுழையவில்லை, பழம் நன்றாகவே நுழையும்!

அடுத்தது சர்க்கரை. பழத்துக்குள்ளேயே இருப்பதைத் தவிர்த்து, நாம் சேர்க்கிற சர்க்கரை, தேன், ஜூஸ் வகையறாவில் வரும் இனிப்பு, ஒரு நாளில் சாப்பிடும் மொத்தக் கலோரியில் பத்து சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும் என்று 2015-ல் சொன்னது உலக சுகாதார நிறுவனம். அதே நிறுவனம் 2023-ல் பழம், காய்கறிக்கும் கணக்கு கொடுத்தது. 2 முதல் 5 வயது வரை தினம் குறைந்தது 250 கிராம், 6 முதல் 9 வயது வரை 350 கிராம், 10 வயதுக்கு மேல் 400 கிராம். உங்கள் வீட்டுக் குழந்தையின் இன்றைய கணக்கை மனசுக்குள் கூட்டிப் பாருங்கள். சாம்பாரிலிருந்து பொறுக்கித் தட்டோரம் ஒதுக்கிய முருங்கைக்காயைச் சேர்க்கக்கூடாது!

முதல் நாள் மார்க்கெட்டில்...

ஆபீஸ் விட்டு வரும்போது பஸ் ஸ்டாப் பக்கத்துப் பழக்கடை போதும். ரெண்டு குழந்தைகளுக்கு வேண்டியது இவ்வளவுதான்:

தர்பூசணி சின்னதாக ஒன்று. (முழுசாக வாங்குங்கள். வெட்டி வைத்த பத்தையில் தூசியும் ஈயும் இலவசம்.) சிவப்புக் கொய்யா இரண்டு. கெட்டியான வாழைப்பழம் ஒன்று. விதையில்லாத திராட்சை ஒரு கைப்பிடி. மாதுளை பாதி. எலுமிச்சம்பழம் ஒன்று. கெட்டித் தயிர் ஒரு கப்.

பெரிய ஊரில் இருப்பவர்களுக்கு ஸ்ட்ராபெர்ரி கிடைக்கும். மகாபலேஷ்வரிலிருந்தும், நம்ம ஊட்டி, கொடைக்கானலிலிருந்தும் அந்தச் சமயத்தில் வரும். கிடைத்தால் சந்தோஷம். கிடைக்காவிட்டால் கவலையே வேண்டாம். கொய்யாவை லேசாக நினைக்காதீர்கள். நூறு கிராம் கொய்யாவில் இருநூறு மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது. ஆரஞ்சைப் போல நாலு மடங்கு! சூட் கோட் போட்ட பழங்களுக்கு நடுவே வேட்டி கட்டிய மேதை அது.

பத்து நிமிஷ ஆபரேஷன்

கையையும் பழங்களையும் நன்றாகக் கழுவுங்கள். தோல் உரிக்கப் போகிற தர்பூசணியையும்தான். மேலே இருக்கிற அழுக்கைக் கத்தி உள்ளே கொண்டுபோய்விடும்.

முதல் வேலை தயிர். டீ வடிகட்டியில் தயிரை ஊற்றி ஒரு டம்ளர் மேல் வைத்துவிடுங்கள். மற்ற வேலை முடிவதற்குள் தண்ணீர் இறங்கி, தயிர் கெட்டிப்பட்டிருக்கும்.

அடுத்து தர்பூசணி. விரல் கனத்துக்கு வட்டமாக ஒரு வில்லை போட்டு, அதை முக்கோணத் துண்டுகளாக வெட்டுங்கள். பச்சைத் தோலை நீக்கிவிடுங்கள். இப்போது கூர்முனை கீழே பார்க்கிற மாதிரி வையுங்கள். மேல் விளிம்பின் நடுவில் சின்னதாக ‘V’ வெட்டு. ரெண்டு மூலையையும் லேசாக உருட்டிச் சீவினால்... ஆச்சு, இதயம்! அச்சும் வேண்டாம், ஆர்ட் மாஸ்டரும் வேண்டாம்.

கொய்யாவை வட்ட வில்லைகளாக நறுக்கி, விதைப் பகுதியை எடுத்துவிட்டு, சதையை இதே மாதிரி செதுக்கலாம். ஸ்ட்ராபெர்ரி இருந்தால் வேலை இன்னும் சுலபம். பச்சைக் காம்பு இருக்கிற இடத்தை ‘V’ போல வெட்டி எடுத்துவிட்டு, மேலிருந்து கீழாக ரெண்டாகப் பிளந்தால் ரெண்டு இதயம் ரெடி.

இனி திராட்சை. இதில் ஒரு மேஜிக் இருக்கிறது. நீளத் திராட்சையை நடுவில் சாய்வாக வெட்டுங்கள். ஒரு பாதியை அப்படியே வைத்துக்கொண்டு, மற்றதை அரைச் சுற்று திருப்பி, வெட்டுப்பட்ட முகங்களை ஒட்ட வையுங்கள். இதய வடிவம் வந்துவிடும். இதைக் குழந்தை கண் முன்னால் செய்து காட்டுங்கள். அன்று முழுக்க நீங்கள்தான் ஹீரோ!

செதுக்கி விழுந்த மிச்சம் மீதியெல்லாம்? அது அப்பா பங்கு. நின்றபடியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

இப்போது வடிந்த தயிரை எடுத்து, பாதி வாழைப்பழத்தை மசித்துப் போடுங்கள். சர்க்கரை வேண்டாம், வாழைப்பழ இனிப்பே தாராளம். கொஞ்சம் பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்து அரை ஸ்பூன் சாறு விட்டுக் கலக்கினால், பேக்கரி க்ரீமே வெட்கப்படுகிற ரோஸ் கலர்! (தாராள மனசோடு சாற்றைக் கொட்டிவிடாதீர்கள். மறுநாள் பாத்ரூமிலிருந்து, ‘அப்பா, ரோஸ் கலர்ல போகுது!’ என்று அலறல் வரலாம். ஆபத்தில்லை, பீட்ரூட்டின் குசும்பு.)

தட்டின் நடுவில் தயிர்க் கிண்ணம். சுற்றிலும் இதயங்கள். மேலே மாதுளை முத்துக்களைத் தூவுங்கள். மீதி வாழைப்பழத்தை வில்லை போட்டு ஓரத்தில் அடுக்குங்கள். தொட்டுத் தொட்டுச் சாப்பிட வேண்டியது குழந்தையின் வேலை.

ஸ்கூலுக்குக் கொடுத்தனுப்ப...

நறுக்கிய ஆப்பிள் இன்டர்வெல்லுக்குள் கறுத்துப்போய், அப்படியே டப்பாவோடு திரும்பி வருவதைப் பார்த்திருப்பீர்கள். பழத்திலுள்ள என்சைம் காற்றோடு சேர்ந்து செய்கிற சேட்டை அது. ஒரு கப் தண்ணீரில் அரை மூடி எலுமிச்சை பிழிந்து, துண்டுகளை மூணு நிமிஷம் முக்கி எடுத்தால் நிறம் மாறுவது நன்றாகத் தள்ளிப்போகும். வாழைப்பழத்தை டப்பாவில் நறுக்கிப் போடவேண்டாம். தோலோடு முழுசாகக் கொடுங்கள். தயிரும் வேண்டாம், வெயிலில் புளித்துவிடும். அன்னாசியைத் தயிரில் ஊறப் போட்டு வைப்பதும் தப்பு. அதிலுள்ள புரோமலைன், தயிரின் புரதத்தை உடைத்துக் கசக்க வைத்துவிடும்.

பழத்தை ஜூஸாக அடித்துக் கொடுத்தால் சீக்கிரம் வேலை முடியுமே என்று தோன்றும். ஜூஸை வடிகட்டும்போது நார்ச்சத்து வடிகட்டியிலேயே நின்றுவிடுகிறது. மிஞ்சுவது இனிப்புத் தண்ணீர். கடித்துத் தின்பதே நல்லது.

இதை மட்டும் மறக்கவே வேண்டாம்

விளையாட்டில்லாத விஷயம் இது. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு முழுத் திராட்சை கொடுக்கவே கூடாது. குழந்தையின் மூச்சுக்குழாயை அடைப்பதற்கென்றே அளவெடுத்த மாதிரி இருக்கும் அது. மேலே சொன்ன திராட்சை மேஜிக் பெரிய குழந்தைகளுக்கு. சின்னதுகளுக்கு நீளவாக்கில் நாலாக வெட்டித்தான் கொடுக்க வேண்டும். கெட்டியான ஆப்பிளைத் துருவியோ மெல்லிசாகச் சீவியோ கொடுங்கள். தர்பூசணி விதையை எடுத்துவிடுங்கள். பல் குத்தும் குச்சியில் பழத்தைக் கோப்பது போட்டோவுக்கு அழகு, குழந்தையின் வாய்க்கு ஆபத்து. ஓடியபடி, படுத்தபடி சாப்பிட விடாதீர்கள். ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டுகூடக் கூடாது. அதிலிருக்கக்கூடிய ஒரு கிருமி, பிஞ்சு வயிற்றில் விஷத்தை உண்டாக்கிவிடும்.

பிரம்மச்சாரிகள் கவனத்துக்கு!

‘எனக்கு யார் இருக்கா, சார்?’ என்று இந்தப் பக்கத்தைப் புரட்டப் பார்க்கிற தம்பிகளே, நில்லுங்கள். அக்கா வீட்டில் வாண்டு இருக்கிறதா? அண்ணன் வீட்டில்? பிப்ரவரி 14 அன்று தனியாக மெஸ்ஸில் உட்கார்ந்து தட்டை வெறிப்பதைவிட, ஒரு தர்பூசணியோடு அங்கே போய் நில்லுங்கள். ‘மாமா வந்தாச்சு!’ என்று ஒரு குரல் ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்ளும். காதல் கடிதத்துக்குப் பதில் வராமல் போகலாம். இதற்குக் கட்டாயம் வரும். தவிர, கத்தி பிடிக்கத் தெரிந்த மாப்பிள்ளைக்கு மார்க்கெட்டில் நல்ல மதிப்பு!

நிஜமாகவே கணக்குப் பார்த்தால், நம்மில் நிறைய பேர் கிளம்பும்போது பிள்ளை அவசரத்தில் இருக்கிறது, திரும்பும்போது தூக்கத்தில் இருக்கிறது. நடுவில் முழுசாகப் பத்து நிமிஷம் சேர்ந்து எதுவும் செய்வதில்லை. சாக்லேட் வாங்கிக் கொடுத்தால் அந்தப் பத்து நிமிஷம் மிச்சமாகும், உண்மைதான். மிச்சம் பிடிக்கிற விஷயமா அது? பக்கத்தில் ஸ்டூல் போட்டு நிற்க வைத்துக்கொள்ளுங்கள். மாதுளையை உதிர்க்கச் சொல்லுங்கள், வாழைப்பழத்தை மசிக்கச் சொல்லுங்கள். தரையெல்லாம் முத்து சிதறும், சிதறட்டும். தானே செய்ததைக் குழந்தை ஒதுக்கி வைக்காது. பையனாக இருந்தால் கூடுதல் லாபம். சமையலறை ஆண்களுக்கும் உண்டு என்பதைப் புத்தகம் இல்லாமலே படித்துக்கொள்வான்.

கடைசியாக ஒன்று. ரெண்டு தட்டு போதாது, மூணாவதாக ஒன்று எடுத்து வையுங்கள், இல்லத்தரசிக்கு. அதோடு கத்தியையும் பலகையையும் டீ வடிகட்டியையும் நீங்களே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டால்... சிவப்பு ரோஜா என்ன விலை விற்றால் நமக்கென்ன!