ஒளியுணர் பலகையும் இருவகைச் சோடாவும்

வானொலி முதலிய கருவிகளைத் திறந்து நோக்குவார், பலகையொன்றின்மேல் மெல்லிய செப்புக் கோடுகள் கொடிபோல் ஓடக் காண்பர். இத்தகைய மின்சுற்றுப் பலகையை மாணவர் தம் வீட்டிலேயே ஆக்கிக்கொள்ளுதல் கூடும். வேண்டாத செப்பை அரித்தெடுக்கும் பெரிக் குளோரைடு நீரைக் கண்டே பலரும் அஞ்சுவர். ஆயின் வேலை பெரிதும் கெடுவது அதற்கு முந்திய படியிலேயாம்; அஃதாவது, ஒளிபட்ட பலகையைக் காரநீரிற் கழுவி உருவத்தை வெளிப்படுத்தும் படியில். இதனை யாம் கைப்பொருள் இழந்தே கற்றோமாதலின், அதனைப் பற்றியே ஈண்டு எழுதத் துணிந்தோம்.

செப்பின்மேல் ஒளியுணரும் மென்படலம் ஒன்று படிந்திருக்கும். கோடுகள் வரைந்த ஒளிபுகு தாளை அதன்மேல் அழுந்த வைத்துப் புறஊதாக் கதிர் விழச்செய்வர். படலம் இருவகைத்து. நேர்வகையில் ஒளிபட்ட இடம் காரநீரிற் கரையும். கருங்கோட்டின் நிழலில் ஒதுங்கிய இடம் நிற்கும். எதிர்வகையிலோ ஒளிபட்ட இடம் இறுகி நிற்க, படாத இடம் கரையும். இப்பிற்கூறிய நெறி புதிதன்று. பிரான்சு நாட்டு நியெப்ஸ் என்பார் 1820-களிலேயே நிலக்கீல் பூசிய தகட்டை வெயிலிற் காட்டி, இறுகாத பகுதியை லவண்டர் தைலங் கலந்த நீர்மத்தாற் கழுவி நீக்கினார்.

நேர்வகைக்கு எரிசோடா வேண்டும். லிட்டர் நீருக்கு 7 முதல் 10 கிராம் அமையும். எதிர்வகைக்குச் சலவைச் சோடாவே உரியது. லிட்டருக்கு ஏறக்குறைய 10 கிராம். இரண்டும் வெண்ணிறத்தன, இரண்டும் சோடாவே. யாம் அப்பெயரொற்றுமையை நம்பி, எதிர்வகைப் பலகையை எரிசோடா நீரில் இட்டோம். இறுகிய கோடுகளும் பாம்புச் சட்டைபோல் உரிந்து மிதந்தன. வெறுஞ் செம்பே எஞ்சிற்று. அரிப்பு முடிந்தபின் படலத்தை அறவே உரித்தற்கு உரியது அவ்வெரிசோடா என்பதைப் பின்னரே அறிந்தோம். சொல்லாராய்ச்சி பயில்வார் ஒரு சொல்லால் ஏமாந்தமையை நண்பர் இன்றும் கூறி நகைப்பர்.

எரிசோடாவை நீரிற் சிறிது சிறிதாக இடுக. அதன்மேல் நீரை ஊற்றின் கொதித்துத் தெறிக்கும். கையுறையும் கண்காப்பும் இன்றித் தொடற்க. அலுமினியப் பாத்திரம் ஆகாது. சோடா அதனை அரித்து, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜனை வெளிவிடும். கரைத்த நீர் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று வலிகுன்றுமாதலின், பழைய நீரை நம்புதல் வீண்.

நேர்வகைப் பலகையை மங்கிய மஞ்சள் விளக்கொளியில் கழுவுதல் நன்று. நீரை மெல்ல அசைத்தால், கரையும் படலம் நிறப்புகைபோல் எழக் காணலாம். காரம் மிகின் கோடுகளும் கரையும். குறையின் கண்ணுக்குத் தெரியாத மெல்லேடு ஒன்று செப்பின்மேல் தங்கி அரிப்பைத் தடுக்கும். இதனை அறிதற்கு ஓர் எளிய வழி உண்டு. பலகையைத் தூயநீரில் அலம்பிச் சில விநாடி பெரிக் குளோரைடில் தோய்த்தெடுத்து நோக்குக. செப்பு வெளிப்பட்ட இடம் ஒளி மங்கும். படலம் எஞ்சிய இடம் பளபளக்கும்.

பின்னர் யாம் வாங்கிய நேர்வகைப் பலகையில் ஒரு மூலை மட்டும் இவ்வாறு மின்னிற்று. நன்கு அலம்பி மீண்டும் அரை நிமிடம் காரநீரில் இட்டோம், அதுவும் மங்கிற்று. அரித்தெடுத்தபோது கோடுகளுள் ஒன்றும் அறவில்லை.