அறிவொளியிடம் செயலிகள் கற்க வேண்டிய பாடம்

சிறுதொழில் செய்யும் பெண்களுக்கு வரவு செலவுக் கணக்கையும் விலை வைக்கும் முறையையும் கடன் பெறும் வழியையும் கற்பிக்கின்ற கைப்பேசிச் செயலிகள் உலகெங்கும் பெருகி வருகின்றன. பிரிட்டனில் இயங்கும் செரி பிளேர் பெண்கள் அறக்கட்டளையின் 'ஹெர்வென்ச்சர்' அவற்றுள் ஒன்று. இத்தகைய செயலியைத் திறப்பது முதல் மூடுவது வரை அதைப் பயன்படுத்துபவர் காண்பது, தொடுவது, தடுமாறுவது அனைத்தையும் சேர்த்துப் 'பயனர் அனுபவம்' என்பர். அதை மறுவடிவமைக்கும் பேச்சு பெரும்பாலும் நிறத்திலும் பொத்தானிலும் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறது. யாருக்கு, எந்த நேரத்தில், எந்தத் தேவைக்காகப் பாடம் என்ற அடிப்படைக் கேள்வியைப் புதுக்கோட்டை மாவட்டம் 30 ஆண்டுகளுக்கு முன்பே கேட்டு, விடையும் கண்டிருக்கிறது.

மாவட்ட ஆட்சியராக ஷீலா ராணி சுங்கத் இருந்தபோது, 1991இல் அங்கு தொடங்கிய அறிவொளி இயக்கம், கல் குவாரித் தொழிலாளர், விவசாயக் கூலிகள் முதலானோரிடம் ஊதியம் பெறாத தொண்டர்களின் வழியாக எழுத்தைக் கொண்டு சென்றது. தமிழ்நாட்டு அறிவொளியின் பாடநூல் அகர வரிசையில் தொடங்காமல், உழைப்பவரின் வாழ்வோடு ஒட்டிய 'பட்டா' என்னும் சொல்லில் தொடங்கியது. பயிற்சிகளும் தேர்வுகளும் பாடநூலுக்குள்ளேயே அமைந்திருந்ததால், கற்பவர் தம் முன்னேற்றத்தைத் தாமே அறிய முடிந்தது. இன்றைய செயலிகள் முன்னேற்றக் கோடு என்று காட்டுவதும் இதையே.

அவ்வியக்கம் சைக்கிளையும் பாடமாக்கியது. 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் பொதுவெளியில் சைக்கிள் ஓட்டிக் காட்டினர். பேருந்துக்குக் காத்திருக்கும் நேரம் மிச்சமானதால், விளைபொருளை விற்கும் பெண்களால் கூடுதலான ஊர்களுக்குச் சென்றுவர முடிந்தது. பெண்களுக்கென்று செய்யப்பட்ட சைக்கிள்கள் கிடைக்காதபோது அவர்கள் ஆண்கள் சைக்கிளை வாங்கினர். அதன் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு. பெண்ணுக்கு எது வசதி என்று தொழிற்சாலை எண்ணியதும், வேலைக்குப் போகும் தாய் எண்ணியதும் வெவ்வேறாக இருந்தன என்பதை வடிவமைப்பாளர் ஒவ்வொருவரும் மனத்தில் இருத்த வேண்டும்.

பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தைச் சேர்ந்த இந்திராணி மேதி, வீட்டுவேலை செய்யும் பெண்களிடையே நடத்திய ஆய்வும் இதற்கு அரண் செய்கிறது. சமையலறை வேலையைக் குறிக்க வரைந்த படத்தை அப்பெண்கள் வெறும் இடமாகவே கண்டனர். குழாயிலிருந்து நீர் கொட்டுவதாகவும் கெண்டியிலிருந்து ஆவி எழுவதாகவும் வரைந்து சேர்த்த பிறகே அது வேலை என்று புரிந்தது. ஒன்றைத் தொட்டால் அதனுள் வேறொன்று திறக்கும் அடுக்குப் பட்டியல்களும் எழுத்தறிவு குறைந்தோரைத் திணறச் செய்வதாக மேதியின் பிற்கால ஆய்வுகள் காட்டின.

அதே புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆதனக்கோட்டையில் முந்திரியை வறுத்து உடைத்துச் சாலையோரத்தில் விற்கும் பெண்ணுக்கு 'தொழில்முனைவு: ஓர் அறிமுகம்' என்ற முதல் பாடத்தால் பயன் குறைவு. கொட்டை வாங்கிய விலை, விறகு, உடைந்து போன பருப்பால் வரும் இழப்பு, தன் கூலி ஆகியவற்றைக் கூட்டிக் கிலோவுக்கு என்ன விலை சொல்லலாம் என்று காட்டும் கணக்கே அவருக்குரிய முதல் பாடம். கீரமங்கலத்துப் பூ வியாபாரத்துக்கும் கோட்டைப்பட்டினத்து மீன் வியாபாரத்துக்கும் அக்கணக்கு வேறாகும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஒரு முறையேனும் இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் தமிழ்நாட்டிலேயே பாதிக்கும் குறைவு. ஆகவே, பாடங்கள் குரல்வழி ஒலிக்க வேண்டும், இணையம் இல்லாதபோதும் திறக்க வேண்டும், இடையில் நிறுத்தினால் நின்ற இடத்திலிருந்தே தொடர வேண்டும். வீட்டில் பலர் கையாளும் கைப்பேசியில் ஒரு பெண்ணின் வருமானக் கணக்கு மற்றவர் கண்ணில் படாதிருப்பதும் முக்கியம்.

அறிவொளியில் கற்பவரின் அருகே ஒரு தொண்டர் அமர்ந்திருந்தார். அந்தத் துணையை எந்தச் செயலியாலும் முழுமையாக ஈடுசெய்ய இயலாது என்பதால், மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டங்களில் சேர்ந்து கற்பதற்கும் அதில் வழி இருத்தல் வேண்டும். செயலியை வடிவமைப்போர், அதை வெளியிடுவதற்கு முன் ஆதனக்கோட்டைச் சாலையோரக் கடைகளில் கொடுத்து, அப்பெண்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பொறுமையுடன் பார்த்துத் திருத்த வேண்டும்.