ஒரு பக்கம் சாயும் வண்டி

தெலுக் இந்தான் பட்டணத்துச் சாய்ந்த கோபுரத்தைப் பார்க்காத பேராக் வாசகர்கள் குறைவு. 1885ஆம் ஆண்டில் கட்டியது. வெளியே நின்று எண்ணினால் எட்டு மாடி, உள்ளே ஏறினால் மூன்றே மாடி. அடிமண் இளக்கமானதால் சாய்ந்துவிட்டது. சாய்ந்ததனாலேயே அதற்குப் பெயர். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துப்போய் அதன் முன்னால் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்கிறோம்.

ஆனால் உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் ஃபோர்வீல் வண்டி அப்படிச் சாய்ந்து நின்றால் அது வேடிக்கை அல்ல. அதிலும், டயரைப் பெரிதாக்கி, ஸ்பிரிங்கை உயர்த்தி, ஓர் ஆள் ஏறுவதற்கே படி வேண்டும் என்ற அளவுக்குத் தூக்கிக் கட்டிய வண்டியாக இருந்தால் அதை அலட்சியமாக விட்டுவிடக் கூடாது.

காம்பார் பக்கத்தில் இத்தகைய வண்டிகளுக்குக் குறைவில்லை. கிழக்கே பார்த்தால் புஜாங் மலாக்கா மலை. வடக்கே கோப்பெங். தெற்கே தாப்பா, அங்கிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலை. ரப்பர் மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. மழை பெய்தால் தோட்டத்துச் செம்மண் பாதை சேறாகிவிடும். குலை ஏற்றுகிறவர்களும், டுரியான் தோட்டம் வைத்திருப்பவர்களும், மலையடிவாரத்தில் காய்கறி எடுப்பவர்களும் சாதாரணக் காரை நம்பி அங்கே போக முடியாது. பழைய வண்டி ஒன்றைக் கைம்மாற்றாக வாங்கி, பட்டறையில் உயர்த்திக் கட்டிக்கொள்கிறார்கள். ஒரு குடும்பத்தின் பிழைப்பே அந்த நான்கு சக்கரத்தின் மேல் ஓடுகிறது.

நம் மக்களுக்கு இந்த வண்டிகள் புதியவையும் அல்ல. லேண்ட் ரோவர் முதன்முதலாக ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் உலகத்தின் முன் நின்றது 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் தேதி. இங்கே அவசரகாலம் பிறந்தது அதே ஆண்டு ஜூன் மாதத்தில். அவசரகாலம் 1960 ஜூலை 31இல் முடிகிற வரையிலும், அதற்குப் பிறகும், துரைமார்களும் போலீஸ்காரர்களும் தோட்டத்துக்குத் தோட்டம் அதில்தான் வந்தார்கள். தாத்தாவைக் கேட்டுப் பாருங்கள். துரை வண்டி தூரத்தில் வரும் சத்தத்தைக் கேட்டே இன்னாருடையது என்று சொல்லிவிடுவார். அந்த வண்டிகளைத் தோட்டத்துப் பட்டறைகளில் பிரித்துப் பூட்டியவர்களில் நம்மவர்கள் பலர். அந்தக் கைப்பழக்கம் இன்றும் பேராக் பட்டணங்களின் பட்டறைகளில் இருக்கிறது.

சரி, வண்டி சாய்கிறது. என்ன செய்வது?

எடுத்த எடுப்பில் புது ஸ்பிரிங் வாங்கக் கூடாது. நம்மில் பலர் செய்யும் முதல் காரியம் அதுதான். அதைவிட மோசமானது இன்னொன்று: தாழ்ந்த பக்கத்து ஸ்பிரிங்கின் அடியில் ஓர் இரும்புக் கட்டையை வைத்து நிமிர்த்தி, காசை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவது. பார்வைக்கு வண்டி நேராக நிற்கும். உள்ளே ஒரு பட்டை முறிந்து கிடந்தால் அது முறிந்தபடியேதான் இருக்கும்.

முதலில் அளக்க வேண்டும். சிமெண்டுத் தரை சமமாக உள்ள இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். தரை சமம்தானா என்று சந்தேகம் இருந்தால், ஓர் அளவு எடுத்தபின் வண்டியை எதிர்த் திசையாகத் திருப்பி அதே இடத்தில் நிறுத்தி மறுபடியும் அளந்து பாருங்கள். சாய்வும் பக்கம் மாறினால் குற்றம் தரையில். நான்கு டயரிலும் காற்று சரியாக இருக்கட்டும். காற்று குறைந்த டயர் ஒன்று போதும், வண்டி சாய. நான்கு டயரும் ஒரே அளவுதானா, ஒரே மாதிரித் தேய்ந்தவைதானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் கிடக்கும் சாமான்களை இறக்கிவிடுங்கள். உபகரணப் பெட்டி, மாற்று டயர், வின்ச், எல்லாம் ஒரே பக்கத்தில் குவிந்திருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். அறுபது லிட்டர் டீசலின் எடை ஏறக்குறைய ஐம்பது கிலோ. தொட்டி எந்தப் பக்கம் இருக்கிறது, நிறைந்திருக்கிறதா என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

பிறகு சக்கரத்தின் நடு மையத்திலிருந்து மேலே மட்கார்டின் விளிம்பு வரை டேப்பை வைத்து அளந்து, நான்கு இடத்து அளவையும் ஒரு தாளில் எழுதுங்கள். வீட்டம்மா ஒரு முனையைப் பிடித்தால் ஐந்து நிமிட வேலை. தரையிலிருந்து அளப்பதைவிட இதுதான் நம்பகமானது, ஏனென்றால் டயரின் குறை இதில் கலக்காது. அரை அங்குல வித்தியாசம் பழைய வண்டியில் சகஜம். ஓர் அங்குலத்தைத் தாண்டினால் காரணத்தைத் தேட வேண்டும்.

இப்போது ஒரு சூட்சுமம். முன்பக்கம் வலது தாழ்ந்திருந்தால் குற்றம் முன் வலது ஸ்பிரிங்கில்தான் என்று நினைத்துவிடாதீர்கள். சேசிஸ் ஒரு விறைப்பான சட்டம். பின்னால் ஒரு பக்கம் இறங்கினால் முன்பக்கத்தையும் சேர்த்துச் சாய்த்துவிடும். எது திருடன் என்று கண்டுபிடிக்க ஒரு ஜாக் போதும். முன்பக்கக் குறுக்குச் சட்டத்தின் சரியான நடுவில் ஜாக்கைக் கொடுத்து, முன் ஸ்பிரிங்குகளின் மேல் பாரம் விழாதபடி மெல்லத் தூக்குங்கள். இப்போது வண்டி முன்னால் ஒரே புள்ளியில் நிற்கிறது. நிமிர்வதும் சாய்வதும் பின் ஸ்பிரிங்குகளின் கையில். சாய்வு மறைந்துவிட்டால் குற்றம் முன்பக்கம். அப்படியே சாய்ந்து நின்றால் பின்பக்கம். ஜாக்கை இறக்கி, பின்னாலும் இதையே செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பின் சக்கரங்களுக்குக் கட்டை வைக்க மறவாதீர்கள். வெறும் ஜாக்கை நம்பி வண்டியின் அடியில் புகவே கூடாது. செங்கல்லை அடுக்கி அதன் மேல் நிறுத்துவதும் கூடாது. செங்கல் முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். பரிசோதனை முடிந்து அடியில் புகுந்து பார்க்கும்போது சேசிசுக்கு இருபுறமும் இரும்புத் தாங்கி கொடுத்த பிறகே புக வேண்டும்.

குற்றவாளி எந்தப் பக்கம் என்று தெரிந்ததும் பட்டை ஸ்பிரிங்கை விளக்கு வைத்துப் பாருங்கள். முறிந்த பட்டை துருக்கோடு காட்டும். நடு போல்ட் அறுந்திருந்தால் அச்சு முன்னுக்கோ பின்னுக்கோ நகர்ந்திருக்கும். ஸ்பிரிங்கைத் தொங்கவிட்டிருக்கும் ஷேக்கல் துருப்பிடித்து இறுகிப்போனால் அந்தப் பக்கம் அசைய மாட்டேன் என்று உயர்ந்தே நிற்கும். ஷேக்கலை அசைத்து, எண்ணெய் விட்டு, புஷ்ஷை மாற்றினால் காசு அதிகம் செலவாகாமலே காரியம் முடிந்துவிடும். அப்சோர்பரை மாற்றினால் நிமிரும் என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். சாதாரண எண்ணெய் அப்சோர்பர் குலுக்கலை அடக்குமே ஒழிய வண்டியின் பாரத்தைத் தாங்காது.

புஷ் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். உயர்த்திக் கட்டிய வண்டி மறுநாளே சாய்கிறதென்றால் பெரும்பாலும் அங்கேதான் தவறு. ஸ்பிரிங்கின் இரு முனையிலும் ரப்பர் புஷ் இருக்கிறது. வண்டியைத் தூக்கி, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை முழு இறுக்கமாக முடுக்கிவிட்டால், அந்த ரப்பர் அந்த நிலையிலேயே பிடிபட்டுவிடும். வண்டியை இறக்கியதும் அது முறுக்கிக்கொண்டு அந்தப் பக்கத்தை மேலே தள்ளும். நாள்பட்டால் கிழியும். போல்ட்டுகளைக் கையிறுக்கமாக மட்டும் வைத்து, வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, ஸ்பிரிங் தன் இடத்தில் உட்கார்ந்த பிறகே இறுக்க வேண்டும். நம் பாட்டன் பாட்டிமார் விடியற்காலையில் வெட்டிய பாலின் குணம்தானே இது? முறுக்கினால் திரும்ப நினைக்கும்.

லேண்ட் ரோவர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிச் செய்தி. பழைய சீரீஸ் வகை வண்டிகளில் ஓட்டுநர் பக்கத்து ஸ்பிரிங்கும் மறுபக்கத்து ஸ்பிரிங்கும் ஒன்றல்ல. நம் நாட்டில் ஓட்டுநர் உட்காருவது வலப்பக்கம்; குட்டை வண்டியில் எண்ணெய்த் தொட்டியும் வலது இருக்கையின் கீழேதான். அதனால் தொழிற்சாலையே ஓட்டுநர் பக்கத்துக்கு வளைவு கூடிய ஸ்பிரிங்கைக் கொடுத்து, இரண்டுக்கும் வேறு வேறு எண் போட்டது. ஆள் இல்லாமல் நிற்கும்போது அந்த வண்டி ஓட்டுநர் பக்கம் சற்றே உயர்ந்திருப்பது குற்றமல்ல. இதை அறியாமல் பட்டறைக்காரர் இடத்தை மாற்றிப் பூட்டினால் ஏறி உட்கார்ந்தவுடன் வண்டி வலப்பக்கம் சரியும். புது ஸ்பிரிங் வாங்கியும் சாய்கிறதே என்று புலம்புவோர், வலது இடதை ஒரு முறை மாற்றிப் பூட்டிப் பார்த்தால் பணம் மிச்சம்.

சுருள் ஸ்பிரிங் உள்ள வண்டிகளிலும் இடம் மாறும் வழக்கம் உண்டு. சுருளின் முனை தன் பள்ளத்தில் உட்காராமல் ஏறி நிற்பதும் உண்டு. அத்துடன், ஒற்றை அச்சும் சுருளும் உள்ள வண்டியைத் தூக்கினால் அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் கம்பி கோணம் மாறி அச்சையே ஒரு பக்கம் இழுத்துவிடும். பின்னால் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அது சாய்வாகத் தெரியும். மட்கார்டிலிருந்து நூலில் ஒரு கனத்தைத் தொங்கவிட்டு, இருபுறமும் டயர் எவ்வளவு வெளியே நிற்கிறது என்று பாருங்கள். உயரம் சமமாக இருந்து, டயர் மட்டும் ஒரு பக்கம் வெளியேறியிருந்தால் ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள். அந்தக் கம்பியை நீளம் மாற்றக்கூடியதாகப் போட வேண்டும். முறுக்குக் கம்பி வைத்த பிக்கப் வண்டிகளில் முன்பக்கத்தைச் சரிசெய்யத் தனி போல்ட் உண்டு. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, வண்டியை உருட்டி, அளந்து, பின்பு சக்கர நேர் பார்க்க வேண்டும். உயரம் வேண்டுமென்று அந்த போல்ட்டைக் கடைசி வரை முடுக்குவது வண்டிக்கும் முதுகுக்கும் கேடு.

பட்டை முறிந்திருந்தால் வெல்டிங் வைத்து ஒட்டாதீர்கள். காஸ் நெருப்பில் சுட்டு வளைப்பதும் அப்படித்தான். பதம் போன எஃகு சில நாளில் மறுபடி தொய்ந்துவிடும். இரு பக்கமும் சேர்த்து ஜோடியாக மாற்றுவதே முறை. பழைய யூ போல்ட்டுகளை மறுபடி பயன்படுத்த வேண்டாம். புதியவற்றைப் போட்டு, சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் இறுக்கி, அந்தத் தாளில் எழுதிய அளவுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இவ்வளவு கவலை ஏன் என்று கேட்கலாம். கணக்காகவே பார்ப்போம். இரு சக்கரங்களுக்கு இடையே 140 சென்டிமீட்டர், வண்டியின் கனம் குவியும் இடம் தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஏட்டளவில் 43 பாகைச் சரிவில்தான் குப்புற விழும். பத்து சென்டிமீட்டர் உயர்த்திவிட்டால் அது 39க்கு இறங்குகிறது. ஏற்கெனவே இரண்டு பாகை சாய்ந்து நிற்கும் வண்டிக்கு அந்தப் பக்கத்தில் இன்னும் குறையும். ஸ்பிரிங் அமுங்குவதும், குழியும், சேறும், பின்னால் ஏற்றிய குலையும் சேர்ந்தால் நிஜத்தில் அதற்கும் எவ்வளவோ முன்பே கவிழும். செம்பனைத் தோட்டத்து மேட்டுப் பாதையில், பின்னால் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு, சாய்ந்த பக்கமே பள்ளமாக அமையும் வளைவை எண்ணிப் பாருங்கள். கூலி போனால் மறுமாதம் சம்பாதிக்கலாம்.

வண்டியை உயர்த்துவதற்கு முன் சாலைப் போக்குவரத்து இலாகாவைக் கேட்டுக்கொள்வதும் அவசியம். 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் வண்டியின் அமைப்பை இஷ்டம்போல் மாற்ற இடம் தரவில்லை; அனுமதியும் பரிசோதனையும் உண்டு. அனுமதியில்லாமல் மாற்றிய வண்டி விபத்துக்குள்ளானால், இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்கிற கேள்வி அதுவாகத்தான் இருக்கும். பழைய வண்டியைக் கைம்மாற்றாக வாங்குபவர்கள் பணம் கொடுக்குமுன் உயர்த்திய கடுதாசியைக் கேளுங்கள். அது இல்லையென்றால் விலையைக் குறைத்துப் பேசுவதைவிட வேறு வண்டி பார்ப்பது மேல். எல்லாம் சரியாக இருந்தாலும், டேப்பைக் கையில் கொண்டுபோய் நான்கு சக்கரத்தையும் அளந்துவிட்டே முன்பணம் கொடுங்கள்.