பெர்லின் நகரில் பயணம்

மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் ஜெர்மனியின் பெர்லின் நகருக்குச் செல்லும் இந்திய மாணவரை முதலில் வியப்பில் ஆழ்த்துவன, நிலத்தடித் தொடர்வண்டி நிலையங்களின் திறந்த வாயில்களே. தில்லி மெட்ரோவில் உள்ளவை போன்ற தானியங்கிக் கதவுகள் அங்கு இல்லை. எவரும் தடையின்றி வண்டியில் ஏறலாம். ஆயினும், அஃது இலவசப் பயணம் அன்று.

நடைமேடை இயந்திரத்தில் பயணச்சீட்டு வாங்கினால் மட்டும் போதாது. அருகிலுள்ள சிறு பெட்டியில் அதனைச் செருகி, நாளும் நேரமும் பதியச் செய்தல் வேண்டும். முத்திரை இல்லையேல் ஒரே சீட்டைப் பல நாள் பயன்படுத்த இயலும் அன்றோ? எனவே, முத்திரையிடாத சீட்டு செல்லாது. சாதாரண உடையில் வரும் பரிசோதகர்கள், வண்டி புறப்பட்ட பின்னரே அடையாள அட்டையைக் காட்டுவர். உரிய சீட்டு இல்லாதவர் 60 யூரோ செலுத்த நேரிடும். புதிதாக வந்த மாணவருக்கு அது பெருந்தொகை.

ஏ, பி, சி எனக் கட்டண மண்டலங்கள் மூன்று. விமான நிலையம் சி மண்டலத்தில் உள்ளது; ஆகவே, ஏ, பி மண்டலங்களுக்குரிய சீட்டு அங்குச் செல்லாது. வந்திறங்கும் நாளிலேயே தேவைப்படும் செய்தி இது.

நாள்தோறும் பயணம் செய்வோர்க்கு மாதச்சீட்டே ஏற்றது. 2023 மே மாதம் 49 யூரோவிற்கு அறிமுகமான 'டாய்ச்லாண்ட் டிக்கெட்'டின் விலை பின்னர் உயர்ந்தது. அதனைக் கொண்டு நாடெங்கும் நகரப் பேருந்து, டிராம், வட்டாரத் தொடர்வண்டி ஆகியவற்றில் செல்லலாம். அதிவிரைவு வண்டிகளில் இயலாது. அது சந்தா முறையில் அமைந்தது. எனவே, நாடு திரும்பும் மாதத்தின் 10ஆம் நாளுக்குள் அதனை நிறுத்துமாறு அறிவித்தல் வேண்டும்; இல்லையேல், மறுமாதக் கட்டணமும் வங்கிக் கணக்கிலிருந்து பிடிக்கப்படும்.