ஒட்டுத் தெரியாத குரல்

வீட்டில் பதிவு செய்த குரலைக் கணினிக்குக் கொடுத்துப் பாட வைத்தால், முதல் பாட்டு பெரும்பாலும் விக்கலோடுதான் வரும். ஒவ்வொரு ஒலியும் தனியாகக் கேட்டால் நன்றாகவே இருக்கும். சேர்த்துக் கேட்டால் ஆளுக்கோர் எழுத்தாகப் பல பேர் பாடுவதாகத் தோன்றும். உடனே எக்கோவையும் ரிவெர்பையும் அள்ளிக் கொட்டி மூடப் பார்ப்பார்கள். விக்கல் போகாது, பெரிய மண்டபத்துக்குள் விக்கும், அவ்வளவுதான்.

இந்தக் கைத்தொழிலின் சொந்த ஊர் ஜப்பான். கணினியைப் பாட வைக்கும் யமஹாவின் வோக்கலாய்ட் தொழில்நுட்பத்தைக் கொண்டு 2007 ஆகஸ்டில் கிரிப்டன் நிறுவனம் ஹட்சுனே மிக்கு என்ற குரலை விற்பனைக்கு விட்டது. காசு கொடுத்தால் மிக்கு பாடுவாள். வாங்கியவர் தன் குரலை அதில் ஏற்ற முடியாது. அடுத்த ஆண்டு மார்ச்சில் அமேயா என்ற புனைபெயர்க்காரர் வெளியிட்ட உட்டாவு என்ற இலவச மென்பொருள் அந்தக் கதவைத் திறந்தது. மைக் இருந்தால் போதும், யார் குரலும் பாடகராகலாம். 2008 ஏப்ரல் 1 அன்று, புதிய வோக்கலாய்ட் வந்துவிட்டது என்று இணையத்தில் விளையாட்டாகக் கிளப்பிவிட்ட புரளிதான் கசானே டெட்டோ. அவளுக்கும் நிஜக் குரல் கிடைத்தது இதே உட்டாவுக்குள்தான்.

ஜப்பானிய எழுத்து நம் உயிர்மெய் மாதிரி: கா, கி, கு என்று எழுத்துக்கோர் அசை. எனவே குரல் வங்கி எனப்படும் ஒலித் தொகுப்பு எளியதாக இருந்தால், நூற்றுச் சொச்சம் ஒலிகளைத் தனித்தனியாகப் பதிந்தால் போதும். ஆனால் எந்த வாயும் அப்படிப் பேசுவதில்லை. 'ஆ' முடியும் முன்பே நாக்கு அடுத்த 'கி'யை நோக்கிக் கிளம்பிவிடுகிறது. அந்த நகர்வு பதிவிலேயே இல்லையென்றால் மென்பொருள் எங்கிருந்து கொண்டுவரும்? ரயிலில் குலுங்கல் பிறப்பது பெட்டிகளை மாட்டியிருக்கும் கொக்கியில். இங்கும் கோளாறு பெரும்பாலும் ஒலிக்கும் ஒலிக்கும் நடுவில்தான்.

இதற்காக வந்ததுதான் தொடரொலி முறை. தாளக்கட்டைக் காதில் கேட்டபடி ஏழெட்டு அசைகளை ஒரே மூச்சில் இடைவெளி விடாமல் பாடிப் பதிவார்கள். பிறகு ஓர் உயிரின் நடுவிலிருந்து அடுத்த உயிருக்குள் வரை ஒரு துண்டாகக் குறிப்பார்கள். இப்போது ஒட்டு விழுவது 'ஆ'வுக்கும் 'ஆ'வுக்கும் இடையே. காதுக்குச் சுலபத்தில் பிடிபடாது. இதற்கு உழைப்பு அதிகம். ஐந்து உயிரும் ஒரு 'ன்'னும் ஒவ்வோர் அசைக்கும் முன்னால் வரலாம் என்பதால் எண்ணிக்கை 600-ஐத் தாண்டும். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் உயிரிலிருந்து மெய்க்குப் போகும் வாலை மட்டும் தனியே பதிந்து சேர்த்துக்கொள்கிறார்கள். மோசமில்லை.

பதிவில் கவனிக்க வேண்டியது ஒன்றே: சீர். ஒரே சுருதி, ஒரே உரப்பு, மைக்குக்கும் வாய்க்கும் ஒரே தூரம். அசைவில்லாத நேர்க்குரலில் நீட்ட வேண்டும். நன்றாகப் பாடத் தெரிந்தவர்களுக்கு இதுதான் கஷ்டம், தொண்டை தானாகவே கமகம் போட்டுவிடும். அழகையெல்லாம் பின்னால் கணினியில் சேர்த்துக்கொள்ளலாம். பதிவிலேயே ஒட்டிக்கொண்ட அசைவைப் பிரித்தெடுப்பதுதான் முடியாத காரியம். பதிந்த சுருதியிலிருந்து வெகுதூரம் ஏற்றி இறக்கினாலும் குரல் தகரமாகிவிடும். அதனால் கீழ், நடு, மேல் என்று மூன்று சுருதிகளில் முழுப் பட்டியலையும் பதிபவர்கள் உண்டு.

அடுத்து 'ஓட்டோ' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கோப்பு. ஒவ்வோர் ஒலிக்கும் ஐந்து எண்கள், எல்லாம் மில்லி விநாடியில். துண்டு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எதுவரை நீட்டக் கூடாது என்பவை மூன்று. 'நீட்டாதே' எல்லையைக் குறைத்து வைத்தால் நெடுஸ்வரத்தில் உயிரோடு மெய்யும் சேர்ந்து இழுபட்டு 'ஸ்ஸ்ஸா' என்று சீறும்.

மீதி இரண்டில்தான் வழவழப்பின் சூட்சுமம். பாட்டில் தட்டு விழும் இடத்தில் உயிர் தொடங்க வேண்டும். மெய் அதற்கு முன்பே வந்துவிட வேண்டும். எவ்வளவு முன்பு என்பது ஓர் எண். 'ஷ'வுக்கு அது அதிகம், 'க'வுக்குக் குறைவு. இதைச் சரியாக வைக்காதவரின் குரல் பாட்டு முழுக்கத் தாளத்துக்குப் பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்கும். இன்னோர் எண், முந்தைய ஒலியின் வாலும் இந்த ஒலியின் தலையும் எவ்வளவு நேரம் ஒன்றின்மேல் ஒன்று படிய வேண்டும் என்பது, அதாவது படிவு. தொடரொலி வங்கியில் முதல் எண்ணில் மூன்றிலொரு பங்கை இதற்கு வைப்பது வழக்கம்.

தனி ஒலிகளில் கணக்கு வேறு. ம, ன, ல போன்றவற்றுக்குப் படிவைத் தாராளமாகக் கொடுக்கலாம். க, ட, ப வல்லினம். அவற்றுக்கு முன் வாய் ஒரு கணம் அடைபட்டு மௌனம் வந்தாக வேண்டும். அங்கேயும் படிவை ஊற்றினால் 'பாட்டு' 'பாஅவு' ஆகிவிடும். வழவழப்பு மோகத்தில் கெட்டுப்போன வங்கிகளில் பாதிக்கு நோய் இதுதான் என்பது என் எண்ணம். குழைந்த குரலைவிட, கொஞ்சம் கரடாக இருந்தாலும் சொல் விளங்கும் குரல் மேல்.

இத்தனையும் சரியாக இருந்தும் ஓரிடத்தில் மட்டும் துணி கிழிவது போல் சத்தம் வந்தால், அதிர்வெண் கோப்பைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு பதிவின் சுருதியையும் மென்பொருள் தானே கணித்து அதில் எழுதி வைக்கும். காற்றும் கரகரப்பும் கலந்த குரலில் சில நொடித்துளிகளுக்கு ஒரு ஸ்தாயி தள்ளி ஊகித்துவிடுவது உண்டு. வரைபடத்தில் அந்தப் பள்ளத்தைக் கையால் நேராக்கினால் கிழிசல் மறையும்.

ஒலியை நீட்டி வளைக்கும் எஞ்சினை மாற்றிப் பார்ப்பதும் நல்லதே. பின்னாளில் சிந்தசைசர் வி மென்பொருளை உருவாக்கிய கான்ரு ஹுவா எழுதிய மோர்சாம்ப்ளர் ஒன்று. உட்டாவின் வாரிசாக வந்த ஓப்பன்உட்டாவில், மசனோரி மொரிசேயின் வேர்ல்ட் என்ற ஆய்வுக்கருவியை அடிப்படையாகக் கொண்ட எஞ்சின் கூடவே வருகிறது. ஒரே வங்கி ஒன்றில் பஞ்சாகவும் இன்னொன்றில் கம்பியாகவும் ஒலிக்கலாம். மறுபதிவுக்கு உட்காருமுன் இதைச் செய்துவிடுவது உத்தமம்.

டெட்டோவுக்கே 2023-இல் செயற்கை நுண்ணறிவில் பயின்ற சிந்தசைசர் வி குரல் வந்துவிட்டது. அதில் ஒட்டு என்ற பேச்சே இல்லை. ஆனாலும் பழைய டெட்டோவைப் பாட வைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தச் சொரசொரப்பு வேண்டியிருக்கிறது.

புதிதாகத் தொடங்குபவர் அறுநூறு ஒலிகளையும் வரிசையாகத் திருத்த உட்கார்ந்தால் இரண்டாம் நாளே சலித்துவிடும். மெதுவான ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, விக்கும் இடங்களை மட்டும் குறித்து, அந்த ஒலிகளின் எண்களை மட்டும் திருத்தினால் போதும். மற்றவை அடுத்த பாட்டுக்கு ஆகட்டும்.